பதினோரு மெமோ

சஸ்கட்டூன், கனடா
3 பிப்ரவரி 2025

மதிப்புக்குரிய சூப்பிரண்டு சார் அவர்களுக்கு,

கடையநல்லூர் ஹஸ்னா பானு எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இந்தப் புள்ள எதுக்கு இப்பம் எழுதுது?" என்று பக்கத்து மேசை ஞானபூரணம் அக்காவிடம் கேட்டிருப்பீர்கள். காரியம் இருக்கிறது சார். காரியம் இல்லாமல் உங்களுக்குக் கடிதம் எழுத எனக்குத் துணிச்சல் கிடையாது.

வாட்ஸ்அப்பில் வருவதை நீங்கள் தாளாகவே மதிக்க மாட்டீர்கள். அதனால் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, அதைப் படம் எடுத்து உங்கள் மகள் சுகிர்தாவின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். முகவரியை அக்காதான் கொடுத்தார். அவரைத் திட்டாதீர்கள்.

நானும் என் வீட்டுக்காரர் இர்ஷாதும் மகள் அப்ரீனும் இங்கே வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓர் ஆய்வகத்தில் பட்டாணிச் செடிக்கு வருகிற வேரழுகல் நோயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அனுமதி வருகிற ஆகஸ்டோடு முடிகிறது. இங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்திருக்கிறேன். அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள்: வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, வேலை அனுபவத்துக்கு இவ்வளவு என்று. சங்கரன்கோவிலில் நம் எலுமிச்சை ஆய்வு மையத்தில் ஃபெலோவாக இருந்தேனே, அந்த மூன்று வருடத்தை வேலை அனுபவம் என்று போட்டிருந்தேன். அங்கேதான் அதிகாரி பிடித்துக்கொண்டார். ஃபெலோஷிப் என்றால் வேலையா, படிப்பா? உங்களை வேலை வாங்கிய முதலாளி யார்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? நிரூபிக்க அறுபது நாள் தந்திருக்கிறார். ஏப்ரல் 4 கடைசி.

இதற்கு முன்பே என் வழிகாட்டி மூக்காண்டி சாரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். பேராசிரியர் கடிதம் தந்தால் நீங்கள் மாணவிதானே என்று திருப்பிவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து தாள் வர வேண்டும். அலுவலகம் என்றால் நீங்கள்.

கடைசி நாளில் நான் பேசியது அதிகப்படிதான். சான்றிதழில் "பணிபுரிந்தார்" என்று போடாமல் "பயின்றார்" என்று நீங்கள் போட்டதும் அதிகப்படிதான். அன்று எனக்காக வாங்கிவைத்த வடையைக்கூடத் தொடாமல் வந்துவிட்டேன். ஐந்தரை வருடமாகிறது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "இவர் எங்களிடம் வேலை பார்த்தார், இத்தனை மணி நேரம், இன்னின்ன வேலை" என்று ஒரு தாள் தருவீர்களா? அந்த மூன்று வருடம் கணக்கில் வராவிட்டால் மதிப்பெண் பற்றாது. ஆகஸ்டில் நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஹஸ்னா பானு


சங்கரன்கோவில்
10.2.2025

அனுப்புநர்: ச. கோமதிநாயகம், அலுவலகக் கண்காணிப்பாளர்.
பெறுநர்: திருமதி ஹஸ்னா பானு, முன்னாள் ஃபெலோ.
பொருள்: பணிச்சான்று கோரியது – இயலாமை – தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் கடிதம், நாள் 3.2.2025.

அம்மையீர்,

பார்வையில் காணும் கடிதம் கிடைக்கப்பெற்றது.

2017ஆம் ஆண்டு தாங்களும் வேறு இரு ஃபெலோக்களும் விடுப்பு கேட்டு மனுக் கொடுத்தது நினைவிருக்கும். அன்று நான் கோப்பில் எழுதிய குறிப்பு பின்வருமாறு: "ஃபெலோக்கள் பணியாளர் அல்லர். டெல்லியிலிருந்து வரும் உதவித்தொகை பெறுபவர்கள். எனவே விடுப்பு விதிகள் இவர்களுக்குப் பொருந்தா." நம் மையத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் அதில் கையெழுத்திட்டுள்ளார். பணியாளர் அல்லர் என்று எழுதிய அதே கை இன்று பணியாளர் என்று எழுதினால், எழுதியதில் எது பொய் என்று கேட்பார்கள். கேட்பதும் நியாயமே.

மேலும், வருகிற மே 31ஆம் நாள் நான் ஓய்வு பெறுகிறேன். முப்பத்தாறு வருடத்தில் என் பேரில் ஒரு குறைச்சொல் பதிவாகவில்லை. அப்படியே இறங்கிப் போக விரும்புகிறேன்.

எனவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்.

ச. கோமதிநாயகம்

பி.கு.: அங்கே பூச்சியத்துக்குக் கீழே முப்பது டிகிரி என்று சுகிர்தா போனில் காட்டினாள். குழந்தைக்குக் காதை மூடி அனுப்பவும். இது அலுவல் சாராதது.


சஸ்கட்டூன்
12 பிப்ரவரி 2025

சார்,

இந்தத் தடவை மரியாதையெல்லாம் உறைக்குள்ளேயே இருக்கட்டும். நான் கோபமாக இருக்கிறேன்.

நான் பணியாளர் இல்லையா? சரி. அப்படியானால் பொங்கலன்று, ஊரே கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது, புளியங்குடி சந்தைக்குப் போய்க் காய் மாதிரி எடுத்து வரச்சொல்லி உத்தரவு போட்டது யாருக்கு? பனவடலிசத்திரத்தில் பட்டுப்போன எலுமிச்சை மரங்களைச் சித்திரை வெயிலில் ஒவ்வொன்றாக எண்ணியது யார்? நானூற்றுப் பன்னிரண்டு மரம் சார். எண்ணி முடித்துவிட்டு வந்தால், "ரெண்டு தடவை எண்ணுனீயளா?" என்று கேட்டீர்கள். மறுநாளும் போய் எண்ணினேன். அதே நானூற்றுப் பன்னிரண்டு.

சேர்ந்த முதல் நாள் வருகைப் பதிவேட்டில் ஆசையாகக் கையெழுத்துப் போட்டேன். "இது ஸ்டாஃபுக்கு உள்ளதும்மா" என்று சிவப்பு மையால் அடித்தீர்கள். தீபாவளிக்கு எல்லாருக்கும் இனிப்புப் பெட்டி வந்தது. வாசல் காவலுக்கு நிற்கிறவருக்கும் உண்டு. ஃபெலோ மூன்று பேருக்கும் இல்லை. பட்டியலில் பேர் இல்லையாம்! எனக்கு இனிப்புமேல் ஆசை இல்லை சார். கடையநல்லூரில் எங்கள் வாப்பா மிட்டாய்க் கடைதான் வைத்திருக்கிறார். ஆனாலும் அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டேதான் போனேன்.

இதெல்லாம் போகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலையே பார்க்காதவளுக்கு எதற்கு சார் மெமோ கொடுத்தீர்கள்? ஒன்றா இரண்டா, பதினோரு மெமோ! "9.10க்கு வந்தமைக்கு விளக்கம் தருக." "9.15க்கு வந்தமைக்கு விளக்கம் தருக." வீட்டுக்குக் கொண்டுபோன மெமோவையெல்லாம் எங்கள் உம்மா வாப்பா கடைக்கு அனுப்பிவிட்டார். கடலைமிட்டாய் மடிக்க நல்ல தாளாம்.

இர்ஷாத் சொல்கிறார், "விட்டுரு ஹஸ்னா, அந்த மனுசன் கல்லு." அவர் பகலெல்லாம் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து என்னைச் சமாதானப்படுத்துகிறார். அப்ரீனுக்கு நாலு வயது. பள்ளிக்கூடத்தில் பனியில் சறுக்கப் பழகிவிட்டாள். வீட்டில் நாங்கள் குசுகுசுவென்று பேசுவதைக் கேட்டுவிட்டு, அவளுடைய கரடிப் பொம்மையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, "உம்மா, எப்பம் கிளம்புதோம்?" என்கிறாள். அவளுக்கு என்ன விளக்கம் எழுத?

பதில் வேண்டாம். மனதில் இருந்ததைக் கொட்டினேன், அவ்வளவுதான்.

ஹஸ்னா


சங்கரன்கோவில்
3.3.2025

அனுப்புநர், பெறுநர்: முன்போல.
பொருள்: தங்கள் கோபம் – தொடர்பாக.

அம்மையீர்,

பதில் தாமதத்துக்குக் காரணம் உண்டு.

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கேள்விக்குறி போட்டு ஒன்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி வந்தால் பதில் போயாக வேண்டும். "வேலையே பார்க்காதவளுக்கு எதற்கு மெமோ?" இதை மூன்று முறை படித்தேன். முப்பத்தாறு வருடத்தில் இங்கே வேலை பார்க்காத ஒருவருக்கும் நான் மெமோ கொடுத்ததில்லை. தோப்பில் காய் திருட வந்தவனுக்குக்கூடக் கொடுத்ததில்லை, போலீசில்தான் சொன்னேன். தங்களுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தேன்? ஒன்பது மணிக்கு வாசலைப் பார்ப்பேன். ஆள் இல்லையென்றால் கை தானாக மெமோப் புத்தகத்துக்குப் போகும். யோசிக்கவில்லை. இதுதான் உண்மை.

சனிக்கிழமை பழைய கோப்பறையைத் திறந்தேன். ஞானபூரணம் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தூசி தட்டினாள். இரண்டு பல்லி, ஒரு தேள், பிறகு தங்கள் கோப்பு. பக்கம் 64. அதில் மெமோ பதினொன்று, தங்கள் விளக்கம் பதினொன்று, வெளியூர் போகச் சொன்ன உத்தரவு இருபத்துமூன்று, பொங்கல் உத்தரவு ஒன்று. ஒவ்வொரு மெமோவிலும் மேலே அச்சடித்திருக்கிறது: "அலுவல் நேரம் காலை 9 முதல் மாலை 5.30 வரை, வாரம் ஆறு நாள்." போகிற அன்று பீரோச் சாவியும் இரண்டு கண்ணாடிக் குடுவையும் ஒப்படைத்த பிறகே விடுவித்த ஆணையும் இருக்கிறது. மாணவியை யாரும் விடுவிப்பதில்லை.

சான்று என்பது என் அபிப்பிராயம். அதைத் தர மாட்டேன். நகல் என்பது கோப்பில் உள்ளது உள்ளபடி. அதைத் தரலாம். படிக்கிறவர் அபிப்பிராயத்தை அவரே உண்டாக்கிக்கொள்ளட்டும். தாங்கள் நகல் கேட்டு முறையாக ஒரு விண்ணப்பம் அனுப்பவும். இது பற்றி எனக்கு இரண்டு நாள் யோசனை இருந்தது. அது என் பாடு.

நோன்பு தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ச. கோமதிநாயகம்


சஸ்கட்டூன்
5 மார்ச் 2025

சார், சார், சார்!

விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. பொருள், பார்வை, ஐயா, இப்படிக்கு எல்லாம் போட்டிருக்கிறேன். ஒரு குறையும் சொல்ல முடியாது.

தேளிடம் என் சலாம் சொல்லுங்கள். ஞானபூரணம் அக்காவுக்கு நல்ல சால்வை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். சங்கரன்கோவில் வெயிலுக்குச் சால்வை எதற்கு என்பார். துண்டுக்குப் பதிலாக முகத்தில் கட்டிக்கொள்ளட்டும். நேற்று நோன்பு திறக்கும்போது இர்ஷாதிடம் உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தேன். கேட்டுவிட்டு, "கல்லுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றார்.

ஒரே ஒரு சின்ன விண்ணப்பம். பதினோரு விளக்கமும் போக வேண்டுமா? ஏழாவது வேண்டாமே. பக்கம் 37 அல்லது 38 ஆக இருக்கும். அன்றைக்கு விடிகிற நேரத்தில் கரிவலம்வந்தநல்லூர் தோப்பில் இலை பறித்துவிட்டு, பத்து கிலோ மூட்டையோடு இரண்டு பஸ் மாறி, ஒன்பதே காலுக்கு வந்து நின்றேன். நீங்கள் மெமோவை நீட்டினீர்கள். வந்த ஆத்திரத்தில் என்ன எழுதினேன் என்று நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. "சூப்பிரண்டு அவர்களுக்கு மனசு என்று ஒன்று இருந்தால், அது இரும்பு பீரோவுக்குள் பூட்டியிருக்கும், சாவி தொலைந்து பல வருடம் ஆகியிருக்கும்" என்று எழுதி, கீழே ஒரு படமும் போட்டேன். எலுமிச்சம்பழத்துக்குக் கண்ணாடியும் மீசையும். கனடா அரசாங்கத்திடம் அதைக் காட்ட வேண்டுமா சார்? அது போய்ச் சேர்ந்தால் வேலையை ஒப்புக்கொண்டாலும் ஆளை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கெஞ்சிக் கேட்கும்,
ஹஸ்னா


சங்கரன்கோவில்
10.3.2025

பொருள்: பக்கம் 37.

அம்மையீர்,

கோப்பு என்பது பூ அல்ல, வேண்டாத இதழைக் கிள்ளிப் போட. 36க்கு அடுத்து 38 வந்தால், நடுவில் எதை மறைத்தார்கள் என்றுதான் எந்த அதிகாரியும் முதலில் கேட்பார். நான் அவர் நாற்காலியில் இருந்தால் அப்படித்தான் கேட்பேன். 37 போகும்.

64 பக்கத்தையும் ஆங்கிலமாக்கத் திருநெல்வேலியில் வக்கீல் தாவூதிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்தை வெளிநாட்டில் ஒப்புக்கொள்வார்களாம். வாசித்துக்கொண்டே வந்தவர் 37இல் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எழுத்தை மொழிபெயர்த்துருவேன். படத்தை என்ன செய்ய?"

"படத்துல என்ன இருக்கோ அதை எழுதும் வே. மீசை வச்ச எலுமிச்சம்பழம்."

"யாருன்னு எழுத வேண்டாமா?"

"அதான் மேலேயே எழுதிருக்காளே."

அப்படியே எழுதி முத்திரை வைத்திருக்கிறார். கூலி வாங்கவில்லை. சிரித்ததே போதும் என்று சொல்லிவிட்டார். மீசையை மேல்நோக்கி முறுக்கியது போலப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு எந்தக் காலத்திலும் முறுக்குமீசை கிடையாது. இதையும் பதிவு செய்கிறேன்.

நகல்கள் இன்று சுகிர்தா வழியாக வரும்.

ச. கோமதிநாயகம்


சஸ்கட்டூன்
29 மார்ச் 2025

அன்புள்ள சார்,

64 பக்கமும் போன வாரமே போய்ச் சேர்ந்துவிட்டது. கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் மிச்சம். இனி அல்லாஹ் விட்ட வழி.

உடனே எழுதாததற்குக் காரணம், நகல்களைப் படித்தபிறகு எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. மெமோவும் நான் கொடுத்த விளக்கமும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் ஒவ்வொரு விளக்கத்துக்கும் பின்பக்கம் நீங்கள் டைரக்டருக்கு எழுதிய குறிப்பை நான் பார்த்ததே இல்லை. கோப்பின் அந்தப் பக்கத்தை ஃபெலோவுக்கு யார் காட்டினார்கள்?

முதல் மெமோவுக்கு: "விளக்கம் ஏற்கலாம். பஸ் தாமதம். பிடித்தம் வேண்டாம்." மூன்றாவதுக்கு: "ஏற்கலாம். வெயிலில் அலைகிற பிள்ளை." ஏழாவதுக்கு: "ஏற்கலாம். கோபத்தில் நியாயம் உள்ளது. பீரோ குறித்த கருத்து அலுவல் சாராதது." பதினொன்றுக்கும் ஏற்கலாம், ஏற்கலாம், ஏற்கலாம். ஒன்றில்கூட ஒரு ரூபாய் பிடிக்கச் சொல்லவில்லை.

சமையலறையில் நின்றுகொண்டு சிரித்தேன். பிறகு அழுதேன். அப்ரீன் ஓடிப்போய் அவள் வாப்பாவைக் கூட்டிவந்தாள். மூன்று வருடம் நான் ஒரு மனிதரைத் தப்பாகவே நினைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன் சார். அதற்கு மேலும் ஐந்தரை வருடம் அதே நினைப்பில் இருந்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனாலும் ஒரு கேள்வி. ஏற்கிற எண்ணம்தான் என்றால், மெமோவையே கொடுக்காமல் இருந்திருக்கலாமே?

நாளைக்கு இங்கே பெருநாள். உங்கள் வீட்டுக்குப் பிரியாணி அனுப்ப முடியாத தூரத்தில் இருக்கிறேன்.

ஹஸ்னா


சங்கரன்கோவில்
21.4.2025

அன்புள்ள ஹஸ்னா பானு,

கேள்விக்குறி உள்ளதால் பதில். தாமதமாக வருகிறவர்களுக்கு உதவித்தொகையில் பிடிக்கச் சொல்லி டைரக்டருக்கு மேலிடத்து உத்தரவு இருந்தது. மெமோ கொடுத்தால்தான் விளக்கம் வரும். விளக்கம் வந்தால்தான் "ஏற்கலாம்" என்று எழுத எனக்கு ஒரு தாள் கிடைக்கும். மெமோ இல்லாத தாமதம் தாமதமாகவே நின்றுபோகும். மாசக் கடைசியில் காசைப் பிடித்துவிடுவார்கள். இதை உங்களிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அலுவலக ரகசியம் என்று இருந்துவிட்டேன்.

கனடாவிலிருந்து மையத்து மின்னஞ்சலுக்கு, இந்த நகல்கள் உண்மையானவையா என்று கேட்டு வந்தது. ஆம், 64 பக்கமும் என்று பதில் போட்டேன்.

அதற்குப்பின் தகவல் உண்டா? அலுவல் நிமித்தம் கேட்கவில்லை.

கோமதிநாயகம்


சஸ்கட்டூன்
14 மே 2025

சார்! கிடைத்துவிட்டது!

காலையில் ஆய்வகத்தில் பட்டாணி வேரைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. ஈரக்கையோடு எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடத்தையும் வேலையாக ஏற்றுக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் நிரந்தரமாகத் தங்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில், எப்போதும் வாயே திறக்காத எங்கள் ஆய்வகத் தலைவர் என்ன உடைந்தது என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார். ஒன்றும் உடையவில்லை என்றேன்.

இர்ஷாத் கிடங்கிலிருந்து பாதி வேலையில் வந்துவிட்டார். அப்ரீன் கரடியைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டாள். கடையநல்லூரில் வாப்பா இன்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இனிப்பு சும்மா கொடுக்கிறாராம். அல்ஹம்துலில்லாஹ்.

இந்தத் தகவலை முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வாப்பாவுக்குப் போன் செய்தது கணக்கில் வராது, அது தாள் இல்லையே.

உங்கள் ஹஸ்னா


சங்கரன்கோவில்
20.5.2025

அன்புள்ள ஹஸ்னா,

தகவல் கிடைத்ததும் ஞானபூரணத்திடம் சொன்னேன். அவள் ஆபீஸ் என்றும் பார்க்காமல் குலவை போட்டுவிட்டாள். சாயங்காலம் கோமதியம்மன் சன்னதியில் உங்கள் மூன்று பேர் பேருக்கும் அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது, சேர்ந்த தேதி தெரியும் என்றேன். பரவாயில்லை என்று செய்துவிட்டார்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு மெமோ வந்திருக்கிறது.

கனடாவிலிருந்து வந்த மின்னஞ்சலைச் செயலாளர் இப்போதுதான் பார்த்திருக்கிறார். "அலுவலக ஆவணங்களின் நகலை வெளியாள் ஒருவருக்கு வழங்கியமைக்கு ஐந்து நாளில் விளக்கம் தருக." திருப்தியான விளக்கம் வராவிட்டால் 31ஆம் தேதி என்னை விடுவிக்க மாட்டார்களாம். விசாரணை வைப்பார்களாம். முப்பத்தாறு வருடம் கழித்து, கடைசிப் பத்து நாளில்.

என் மேசையைவிட்டு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன். எழுதியதில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. நீங்கள் பதினொன்று எழுதியவர். எல்லாம் ஏற்கப்பட்டவை. ஒரு வரைவு போட்டுத் தர முடியுமா?

கோமதிநாயகம்


சஸ்கட்டூன்
20 மே 2025

அன்புள்ள சார்,

படித்ததும் பதறிவிட்டேன். ஒரு நிமிடம் வைக்காமல் எழுதுகிறேன். இதோ வரைவு:

"மேற்படி ஹஸ்னா பானு என்பவர் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்தார். குழந்தையைக் காட்டி அழுதார். வயதான காலத்தில் மனம் இளகி, விதியைக் கவனியாமல் நகல் கொடுத்துவிட்டேன். முழுத் தவறும் அவர் தூண்டியதால் நேர்ந்தது. மன்னிக்க வேண்டுகிறேன்."

இப்படியே எழுதுங்கள். பழியெல்லாம் என் தலையில் போடுங்கள். அங்கேயிருந்து என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு 31ஆம் தேதி மாலை போட்டு, கார் வைத்து வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அது நடக்க வேண்டும் சார். என்னால் அது நின்றுபோனால், இங்கே கிடைத்த அனுமதியை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது.

மானம் பார்க்காதீர்கள். விளக்கம் எழுதுகிறவன் மானம் பார்க்கக் கூடாது. பதினொன்று எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன்.

ஹஸ்னா


சங்கரன்கோவில்
1.6.2025

மக்கா ஹஸ்னா,

அனுப்புநர், பெறுநர் எல்லாம் நேற்றோடு முடிந்தது. இது வீட்டிலிருந்து எழுதுவது.

உன் வரைவைப் படித்தேன். மொழி நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. நீ அழவில்லை, சண்டைதான் போட்டாய். நான் விதியைக் கவனியாமலும் இல்லை. எங்கள் விதிப் புத்தகத்தில் 41ஆம் விதி எனக்கு மனப்பாடம். பணியாளர் தம்முடைய தாள்களுக்கு நகல் பெறலாம், வெளியாள் பெற முடியாது. அவ்வளவுதான் விதி. செயலாளர் கேட்டதும் அதைத்தான்.

அதனால் நானே எழுதினேன். நாலே வரி. "நகல் வெளியாளுக்கு வழங்கப்படவில்லை. ஹஸ்னா பானு 1.8.2016 முதல் 31.7.2019 வரை இம்மையத்தில் வேலை பார்த்தவர். எனவே விதி 41இன்படி நகல் பெற உரிமை உள்ளவர். ஃபெலோக்கள் பணியாளர் அல்லர் என்று 2017இல் நான் எழுதிய குறிப்பு தவறு." கீழே கையெழுத்து.

வெள்ளிக்கிழமை செயலாளர் கூப்பிட்டார். தாளை மேசையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன வே கோமதிநாயகம், போற நேரத்துல இப்படி எழுதிக் கொடுத்துருக்கீரு? நாளைக்கே இப்பம் இருக்க ரெண்டு ஃபெலோவும் லீவு கேட்டு வந்து நிப்பாங்களே?"

"நிப்பாங்க சார். கொடுத்துர வேண்டியதுதான்."

"ஒம்ம தப்புன்னு நீரே எழுதுதீரு. முப்பத்தாறு வருசப் பேரு போயிரும் பாத்துக்கிடும்."

"தப்பைத் தப்புன்னு எழுதாமப் போனாத்தான் சார் போகும்."

அவர் தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் "ஏற்கலாம்" என்று எழுதினார். என் கையெழுத்தில் எத்தனையோ முறை எழுதிய சொல், எனக்கு ஒருவர் எழுதிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே வந்ததும் ஞானபூரணம் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தேன்.

நேற்று கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், காரில் வீட்டுக்கு. எல்லாம் நீ சொன்னபடி நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ஃபெலோ பிள்ளைகள் இரண்டு பேரும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஜூன் முதல் அவர்களுக்கு மாதம் ஒரு நாள் விடுப்பு உண்டு என்று உத்தரவு வந்துவிட்டது. அதில் ஒரு பிள்ளை, ஆயிஷா சித்திகா என்று பெயர், "அந்த ஹஸ்னா அக்கா யாரு சார்?" என்று கேட்டாள். பாயசம் ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். மார்ச் மாதம் எனக்கு இரண்டு நாள் யோசனை இருந்தது என்று எழுதியிருந்தேனே, அது இதுதான். நகல் கொடுத்தால் 41ஆம் விதிப்படி உன்னைப் பணியாளர் என்று நானே ஒப்புக்கொண்டதாகும், ஒரு நாள் இதற்கு விளக்கம் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் 64 பக்கத்திலும் முத்திரை குத்தினேன். அபிப்பிராயம் தர மாட்டேன் என்று உன்னிடம் வீம்பு பேசிவிட்டு, அபிப்பிராயத்தைத்தான் தந்தேன். வாய்விட்டுச் சொல்ல ரோசம் விடவில்லை. இப்போது நான் எந்த ஆபீசிலும் இல்லை, சொல்ல என்ன தடை? நீ நல்லா வேலை பார்த்த மக்கா.

கோமதிநாயகம்